சுமார் நூறு கிராம்

எடையளவு அதிகாரி அம்மா தராசில் வைத்த பத்தாவது சோப்பும் நூற்றிரண்டு கிராம் காட்டியது. மழைக்காரருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஒன்றுகூட நூறுக்குக் கீழே இல்லை. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு மரத்தட்டுகளில் வாரக்கணக்கில் காய்ந்த சோப்புகள். பரீட்சையில் தேறிய பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பெருமையாக ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்து முடிப்பதற்குள் அந்த அம்மா ஒரு சின்ன அடிக்கோலை எடுத்து உறையின் பின்பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எடை சரி. எழுத்தோட உயரமும் சரி. ஆனா இது என்ன சார், சுமார்?"

'நிகர எடை: சுமார் 100 கிராம்' என்று உறையில் இருந்தது. எழுதியவர் மழைக்காரரேதான்.

வானிலை அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். மழை பெய்யும் என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை, பெய்யக்கூடும், அவ்வளவுதான். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட "அநேகமா ஆச்சு" என்பார். ஓய்வு பெற்ற பிறகு, மனைவி தொடங்கிய சோப்புத் தொழிலில் அவருக்குக் கிடைத்த ஒரே இலாகா உறை எழுதுவது. காய்ச்சுவது, அச்சில் ஊற்றுவது, கம்பியால் அறுப்பது எல்லாம் அவள்தான். அறுப்பதில் அவர் ஒருதடவை கைவைத்து, சோப்பு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துபோன கதையை உறவுக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"சோப்பு காயக் காய எடை குறையும் மேடம். வெறும் நூறுன்னு போட்டா, என்னிக்காவது அது பொய்யாப் போயிடலாம். அதான் மனசாட்சிக்கு விரோதமில்லாம..."

"உங்க மனசாட்சி புரியுது சார். ஆனா எடைக்குப் பக்கத்துல சுமார், ஏறக்குறைய இதெல்லாம் வரக்கூடாது. காஞ்சாலும் நூறு இருக்கற மாதிரி பண்றது உங்க பொறுப்பு."

சொல்லிக்கொண்டே நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். ஏழு நாளுக்குள் திருத்திய உறையோடு பதில் தர வேண்டும். அதுவரை உறை போட்டிருக்கும் எண்ணூறு சோப்பையும் விற்கக் கூடாது. தவறினால் வழக்கு, அபராதம். மறுபடி மாட்டினால் இன்னும் கடுமை. 'உரிமையாளர்' என்ற இடத்தில் மனைவியின் பெயர் ஏறியதை மழைக்காரர் பார்த்தார். தப்பு அவருடையது, பெயர் அவளுடையது.

உறை எழுதிய அன்றைக்கே அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "சுமார்னு போட்டா சோப்பே சுமார்தான்னு நினைப்பாங்க. எடுத்துடுங்க." சரி என்றுதான் அச்சகத்துக்குக் கிளம்பினார். போனதும் மனசு கேட்கவில்லை, சுமாரோடேயே அச்சடித்துவிட்டார். அவள் பயந்தபடியே கடைகளில் அதற்குச் சுமார் சோப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது.

"எதிர்க்கடையில ஒருத்தங்க 'சுமார் சோப்பு ரெண்டு குடுங்க'ன்னு வாங்கினாங்க. அதைக் கேட்டுத்தான் நான் உறையையே திருப்பிப் பாத்தேன்," என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதிகாரி அம்மா சிரித்தார்.

மனைவி கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டீஸைப் படித்தாள். "எடுக்கச் சொன்னேனே," என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

மறுநாள் அவள் தனியாகவே அச்சகத்துக்குப் போனாள். "அவரைக் கேக்க வேண்டாம், நானே சொல்றேன்," என்று கிளம்புமுன் அச்சகக்காரரிடம் தொலைபேசியில் சொன்னது அவர் காதில் விழுந்தது. இலாகா பறிபோயிற்று. அறுபத்தோரு வயதில் அதற்குப்போய் அழுகை வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்ணூறு சோப்புக்கும் ஒவ்வொன்றாக உறை பிரித்தார். எலுமிச்சை வாசனை காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நாலாம் நாள் அவள் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "பிரிங்க."

பின்பக்கம் 'நிகர எடை: 100 கிராம்'. பளிச்சென்று இருந்தது. முன்பக்கத்தைத் திருப்பினார். பெரிய எழுத்தில் 'சுமார் சோப்பு'.

"இனிமே நூத்திப் பத்தா அறுக்கப்போறேன். காஞ்சு எவ்வளவு இளைச்சாலும் நூறு நிக்கும். இருக்கறதை ஒண்ணு விடாம நிறுத்துப் போடுவோம். போதுமா?"

"இந்தப் பேரு... நீதானே வேண்டாம்னே?"

"வேண்டாம்னுதான் சொன்னேன். கடைக்காரங்க எல்லாம் சுமார் சோப்பு எப்ப வரும்னு கேட்டு உயிரை வாங்கறாங்க. நானும் எத்தனையோ பேரு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஒட்டல." கட்டின் கயிறைச் சுருட்டினாள். "எடைக்குக்கூட பொய் சொல்லத் தெரியாத மனுஷனோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். அது சோப்பு மேல இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. "ஒத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கேட்டுத்தான் பாப்போமே. பதிலை எழுதுங்க."

எழுத உட்கார்ந்தார். 'எடைக்கு முன்னிருந்த சொல் நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார்.

"நீக்கலையே. மேல ஏத்தியில்ல விட்டிருக்கோம்?" என்றார்.

வரியை அடித்துவிட்டு, 'சொல் நீக்கப்படவில்லை. இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்து இரண்டு சோப்பு உருண்டது.

"அப்படியே இருக்கட்டும். மாட்டினா சேந்தே மாட்டுவோம்."

கடிதத்தின் கீழே மாதிரி உறையை ஒட்டினார்கள். பசை சரியாகப் பிடிக்காமல் ஒரு ஓரம் எழும்பியது. சுண்ணாம்புபோல் வெளுத்துச் சொரசொரத்த உள்ளங்கையைத் துணியில் துடைத்துவிட்டு, அவள் அந்தப் பெரிய எழுத்தின்மேல் கையை வைத்து அழுத்தினாள். ஒட்டிய பிறகும் எடுக்கவில்லை.