ரிப்பேர் டிஸ்க்

"ஃபார்மட் அடிச்சிடலாம்மா. வேற வழி இல்ல" என்றான் வேங்கடேசன். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். தலைவலி என்று லேப்டாப்பைக் கொண்டுபோனாலும் ஃபார்மட், வயிற்றுவலி என்று கொண்டுபோனாலும் ஃபார்மட். அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

"உள்ள என் ப்ராஜக்ட் இருக்குதுண்ணே. ஆறு மாச வேல. திங்கக்கெழம வைவா."

"எல்லாம் பூடும். அப்பால வந்து அழுவக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

இருதயசெல்வி லேப்டாப்பை வெடுக்கென்று வாங்கிப் பைக்குள் வைத்தாள். "நான் ஏண்ணே அழுவுறேன்? அழுவப் போறது வேற ஆளு."

அந்த வேறு ஆள் அந்தோணி பிரபு, ஒன்றுவிட்ட மாமன் மகன். அரசாங்கம் அவளுக்குப் படிக்கக் கொடுத்த லேப்டாப்பை, "ஒரு கேம் போட்டுப் பாத்துட்டுத் தர்றேன்" என்று வியாழக்கிழமை வாங்கிக்கொண்டு போனவன், வெள்ளிக்கிழமை கறுத்த திரையோடு திருப்பிக் கொடுத்தான். தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா, மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் செல்வியின் அப்பா லூர்துநாதன் போன மாதமே அவனை வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "இவ இந்தத் தடவ தேறலேன்னா, கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிடுவேன்." மூன்று ஞாயிறு பூசையில் ரெண்டு பேர் பெயரையும் வாசித்துவிட்டால், அப்புறம் அவள் பிரபுவின் பெண்டாட்டி. ப்ராஜக்ட் போனால் அவனுக்கு என்ன நட்டம்?

ஆனால் செல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், விண்டோஸ், செட்டிங்ஸ், ஃபைல் என்று லேப்டாப்பை ஒன்று விடாமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பாள். "இன்னா, லேப்டாப்புக்கும் வாராவாரம் பாவசங்கீர்த்தனமா?" என்று பிரபுவே கிண்டல் செய்திருக்கிறான். அந்த நகலைத் திரும்ப ஏற்ற ஒரு சிடி வேண்டும். அதையும் போட்டு, மேலே மார்க்கரில் 'ரிப்பேர்' என்று எழுதி அலமாரியில் வைத்திருந்தாள்.

ஊரான பெருமுக்கலுக்கு வந்து வீட்டு அலமாரியைத் திறந்தால், ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, சிடியைக் காணோம்.

"யம்மா, இங்க ஒரு சிடி இருந்திச்சே?"

"அதுவா? கொல்லையில கட்டிட்டேன். வெதச்ச மல்லாட்டையெல்லாம் காக்கா கிளறித் துன்னுது" என்றாள் அம்மா கிளாரா.

"அத ஏம்மா எடுத்த?"

"நீதானடி அது மேல ரிப்பேருன்னு எழுதி வச்சிருந்த! ரிப்பேரான சிடிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

செல்விக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அம்மா சொல்வதில் என்ன தப்பு? பஸ் ரிப்பேர் என்றால் பஸ் ஓடாது. மோட்டார் ரிப்பேர் என்றால் தண்ணீர் வராது. எழுதிய தன் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொல்லைக்கு ஓடினாள். நிலக்கடலை விதைத்த பாத்திக்கு மேலே, காக்காயை மிரட்டக் கட்டிய கயிற்றில் ஏழெட்டு சிடிகள் வெயிலில் மினுக்கிக்கொண்டிருந்தன. தன்னுடையதை அவிழ்த்தாள். ஒரு பக்கம் கீறல், மறுபக்கம் காக்காய் எச்சம். கெட்டிக்காரக் காக்காய்.

வீட்டில் பிரபு வந்து உட்கார்ந்திருந்தான். சோப்புப் போட்டு சிடியைக் கழுவித் துடைப்பவளைப் பார்த்து, "வுடு செல்வி, எதுக்கு பேஜாரு? படிச்சி இன்னா கலெக்டராவா ஆவப்போற?" என்றான்.

"ஆவறேன், ஆவாம போறேன். நீ ஒக்காந்து பாரு மாமா."

முதல் தடவை சிடி கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. செல்வி வெளியே எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துப்பட்டாவால் மறுபடி துடைத்துப் போட்டாள். இந்தத் தடவை படித்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாள். பச்சைக்கோடு நகர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவள் எழுந்திருக்கவில்லை, அவனையும் எழுந்திருக்க விடவில்லை.

திரையில் வேளாங்கண்ணி மாதா படம் வந்தது. வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. ப்ராஜக்டைத் திறந்தாள், திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அடித்த ரெண்டு பக்கம்தான் இல்லை.

"வண்டிய வெயில்ல வுட்டுட்டேன்" என்று பிரபு எழுந்து போனான்.

சங்கதி கேட்ட லூர்துநாதனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்லா பண்ணும்மா. நீ தேறிட்டா ஓலை கெடையாது. சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

"தேறலேன்னாலும் கெடையாதுப்பா" என்றாள் செல்வி. "போச்சுன்னா மறுபடி எழுதுவேன். பரீட்சைக்கும் ஓலைக்கும் இன்னா சம்பந்தம்?"

"நான் வாசிக்கச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"ஓலை வாசிச்சிட்டு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாருல்ல? மொதல்ல எழுந்து நிக்கிறது பொண்ணுதான்."

லூர்துநாதன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்னிய ஏன் பாக்குற?" என்றாள் கிளாரா. "அவளுக்குப் பக்கத்துலதான நான் ஒக்காருவேன். நானும் நிப்பேன்."