இகரத்துக்குப் பக்கத்தில் உகரம்

எங்கள் தட்டச்சு அறையில் அவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குரலில் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, கணினியில் நோயாளிச் சீட்டாக அடித்துக் கொடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வேலை. நான் ஒரு சீட்டை முடித்து நிமிர்வதற்குள் புயல் இரண்டு மூன்றை முடித்துவிட்டு நகத்தை அழகு பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய வித்தை ஒரு சின்ன மென்பொருள். அடிக்கடி வரும் வாக்கியத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்துவிட்டால், அந்த இரண்டைத் தட்டியதும் முழு வாக்கியமும் வந்து விழும். ஒ, இ என்று தட்டினால் ‘பென்சிலின் ஒவ்வாமை இல்லை.’ ஒ, உ என்று தட்டினால் ‘பென்சிலின் ஒவ்வாமை உண்டு.’ எவ்வளவு சுலபம் என்று நாங்களும் வாயைப் பிளந்தோம். எங்கள் தமிழ் விசைப்பலகையில் இகரமும் உகரமும் ஒட்டிப் பிறந்ததுபோல அடுத்தடுத்து இருப்பதை ஒருத்தியும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் எங்கே, வேகத்தில் அல்லவா குறியாக இருந்தோம்.

அன்று காலை மைனாவின் அப்பாவுக்குக் கீழ்த்தளத்தில் பித்தப்பை ஆபரேஷன். மைனா எங்கள் கூட்டாளி, வாய் மூடாதவள். தியேட்டர் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மேலே வேலைக்கு வந்துவிட்டாள். வந்தாளே தவிர, ஒரு வரி உருப்படியாக அடிக்க முடியவில்லை. புயலுக்கு மனசு கேட்கவில்லை. நீ கேட்டுக் கேட்டுச் சொல்லு, நான் அடிக்கிறேன் என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மைனா யாரோ ஒரு அம்மாளின் பதிவைக் கேட்டுச் சொல்லச் சொல்ல, புயல் அடித்தாள். திடீரென்று மைனா திரையில் விரலை வைத்தாள்.

“ஏய், உண்டுன்னு சொன்னேன். இல்லைன்னு வந்திருக்கு.”

“அட, விரல் தள்ளி விழுந்துடுச்சு” என்று புயல் சிரித்துக்கொண்டே அழித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கும் விஷயம் உறைத்தது. முழு வாக்கியத்தையும் கையால் அடித்த காலத்தில் விரல் தவறினால் எழுத்துப்பிழை வரும், கண்ணில் குத்தும். இந்தச் சனியனோ விரல் தவறினாலும் அச்சடித்தமாதிரி ஒரு நல்ல வாக்கியத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

மைனா மெதுவாகக் கேட்டாள். “அப்பா சீட்டை நேத்து நீதானே அடிச்சே?”

புயல் அந்தச் சீட்டைத் திறந்தாள். ‘பென்சிலின் ஒவ்வாமை இல்லை.’ போன வருஷம் அந்த ஊசி போட்டுத்தான் மைனாவின் அப்பாவுக்குத் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, உயிர் போய்த் திரும்பியது. டாக்டரிடம் அதை மைனாவே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில்தான் எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் தியேட்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அதற்குள் அவர்கள் இருவரும் படிக்கட்டில் இறங்கிவிட்டார்கள். போனை வைத்துவிட்டு நானும் பின்னால் ஓடினேன். மைனா எங்களைத் திட்டவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் ஓடியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புயல் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். முகக்கவசத்தோடு நர்ஸ் எட்டிப் பார்த்ததும், சீட்டில் தப்பு, அவருக்குப் பென்சிலின் ஆகாது என்று எப்படியோ சொல்லி முடித்தாள். நர்ஸ் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். மைனா சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கையைப் பிடிக்கலாம் என்று போனேன், பிடிக்கத் தைரியம் வரவில்லை.

நர்ஸ் திரும்பி வந்தார். “பயப்படாதீங்க. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் வாயால ஒரு தடவை கேட்போம். அவரே சொல்லிட்டார். வேற மருந்துதான் போட்டிருக்கு.”

மைனா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கும் போன உயிர் வந்தது. புயல் மட்டும் அசையவில்லை. நர்ஸ் கதவைச் சாத்தப்போனபோது அதைக் கையால் தடுத்தாள்.

“சிஸ்டர், நினைவில்லாம வர்றவங்ககிட்ட என்ன பண்ணுவீங்க?”

“அவங்ககிட்ட எப்படிம்மா கேக்கறது? நீங்க அடிச்ச சீட்டு இருக்குல்ல, அதைத்தான் நம்புவோம்” என்று சொல்லிவிட்டு, நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டார்.