மூன்று விநாடி மஞ்சள்

சாலை சிக்னல்களுக்கு நேரம் குறிப்பது என் தொழில். எந்தச் சந்திப்பில் பச்சை எத்தனை விநாடி, மஞ்சள் எத்தனை விநாடி என்று முடிவு செய்கிறவன். ஊரில் பதினாறு வருடம் இதைச் செய்தவன் என்று நம்பித்தான் இந்த வெளிநாட்டு நகராட்சி என்னை விமானம் ஏற்றி வரவழைத்தது. அப்பேர்ப்பட்டவன் இங்கே டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் போய்வருவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஊரில் ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் இருந்த இண்டிகேட்டர் இங்கே இடது பக்கம். முதல் டெஸ்டில் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் என் வலது கை வைப்பரைப் போட்டது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது டெஸ்டில் ஹாரன் அடித்தேன், ஒரே ஒரு தடவை. முன்னால் போன பெண்மணி காரை ஓரங்கட்டி இறங்கிவந்து, என்ன ஆபத்து என்று கவலையோடு கேட்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஊரில் ஸ்கூட்டரைக்கூடத் தொடாத என் மனைவி, எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரிடமே சேர்ந்திருந்தாள். அவரும் நம் ஆள்தான்.

"உங்க வீட்டம்மாவுக்கு மறக்க வேண்டியது ஒண்ணும் இல்ல சார். அதான் சீக்கிரம் வருது," என்றார்.

மூன்றாவது டெஸ்டில் கண்ணாடியைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன், ஹாரன் இருக்கும் திசையைக்கூடப் பார்க்கவில்லை. கிடங்குகள் இருக்கும் பகுதியில் ஒரு சந்திப்பை நெருங்கும்போது பச்சை மஞ்சளாயிற்று. நிற்பதா போவதா என்று நான் முடிவெடுப்பதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நான் நட்டநடுவில் இருந்தேன்.

தேர்வு அதிகாரி பேனாவை மூடினார். "ஓரமா நிறுத்துங்க."

"மஞ்சள் ரொம்பக் கம்மி சார். இதுல யாரால நிக்க முடியும்?"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. போன மாசம் வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தது. யாரோ புதுசா வந்தவர் மாத்திட்டாராம்."

அந்த யாரோ நான்தான். குறுக்குச் சாலையில் வண்டிகள் தேங்குவதைக் கணினியில் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து மஞ்சளில் ஒரு விநாடியைப் பிடுங்கி அந்தப் பக்கத்துப் பச்சைக்குக் கொடுத்திருந்தேன். சந்திப்பை நேரில் பார்த்ததில்லை. என் பஸ் அந்தப் பக்கம் போகாது.

அலுவலகம் வந்து புகார்க் கோப்பை எடுத்தேன். அந்தச் சந்திப்பைப் பற்றி மட்டும் பதினோரு புகார்கள். பதினொன்றிலும் என் கையெழுத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றிருந்தது. ஒரு லாரிக்காரர் எழுதியிருந்தார்: 'பாரம் ஏற்றிய வண்டி மூன்று விநாடியில் நிற்காது. இதைப் போட்டவர் வாழ்நாளில் வண்டி ஓட்டியிருக்கிறாரா?' காலையில்தான் அதற்கு அதிகாரபூர்வமான பதில் கிடைத்திருந்தது.

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நாற்பது நிமிடம் நடந்து அங்கே போய் நின்றேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது வண்டிகள் என்னைப் போலவே சிவப்பில் மாட்டின. பத்தாவதாக வந்த லாரி கிறீச்சிட்டு, சைக்கிளில் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான்தான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அலுவலகம் திரும்பி, புகார்க் கோப்போடு நேராகத் தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனேன். "மேடம், அந்த மஞ்சளை நான் தப்பாக் குறைச்சிட்டேன். பழையபடி நாலாக்கணும்."

"பதினோரு பேர் எழுதியிருக்காங்களே. அப்பவே ஏன் மாத்தல?"

"அவங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு நினைச்சேன்."

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து டிரைவிங் டெஸ்ட்ல நான் அங்கதான் ஃபெயிலானேன். அது மூணாவது தடவை."

அவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்துதான் சிரித்தார். கண்ணாடிக் கதவு.

அன்று சாயங்காலத்துக்குள் மஞ்சள் நான்கு விநாடியாகிவிட்டது. பதினோரு பேருக்கும் பதில் எழுதினேன். 'தவறு எங்களுடையது' என்று தொடங்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்னுடையது' என்று திருத்தினேன்.

அடுத்த வாரம் என் மனைவி முதல் தடவையிலேயே தேறினாள். அவளையும் அதே சந்திப்பு வழியாகத்தான் அழைத்துப் போனார்களாம்.

"மஞ்சள் விழுந்துச்சு, நிதானமா நின்னேன்," என்றாள்.

"அந்த ஒரு விநாடி நான் குடுத்ததாக்கும்."

"எடுத்ததும் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தினமும் அவள்தான் என்னை அலுவலகத்தில் இறக்கிவிடுகிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால் தரையை அழுத்துகிறது.

"காலைச் சும்மா வைங்க. அங்க பிரேக் கிடையாது," என்கிறாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். நன்றாகவே ஓட்டுகிறாள். காலை மடக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன்.