வரிப்பணம் போய்ச் சேர்ந்த குளியலறை

சந்தை முனையில் துணி தேய்க்கும் பெண்ணின் இடது தோளில், அவள் வீட்டு வரி கட்டிய நாற்பதாவது நாளிலிருந்து, தினமும் காலை ஆறு பத்துக்கு யாரோ வெந்நீர் ஊற்றினார்கள். நாளைக்குப் பதினாறு செம்பு. கூரை ஒழுகவில்லை, மழையும் இல்லை. ரவிக்கையின் இடது தோள் மட்டும் தொப்பலாக நனைந்து, அவள் ஆயுளில் வாங்கியிராத ஒரு சோப்பின் வாசனை அடித்தது. முதல் நாள், இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் கரி அவிந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். மூன்றாம் நாள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அடுத்த சட்டையை எடுத்தாள். துணி தேய்க்கிறவளுக்கு ஈரம் ஒரு பெரிய விஷயமில்லை.

வரி கட்டுவதில் அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. வீடு என்னவோ ஒற்றை அறைதான். ஆளுக்கொரு மூலையில் படுத்தால் நடுவில் நடக்க இடமிருக்காது. ஆனாலும் வரி ஆண்டின் முதல் நாள், நகராட்சிக் கவுண்டரின் கதவு திறக்குமுன் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். ரசீதை வீட்டுக்குக் கொண்டுவந்து இளஞ்சூட்டில் ஒரு தேய் தேய்த்து, மடிப்பில்லாமல் டப்பாவில் வைப்பாள். “நாமளும் இந்த ஊருக்கு ஏதோ போட்டிருக்கோம்ல” என்பாள். சந்தையில் மூட்டை தூக்கும் அவள் கணவன், “ஆமாமா, நீ போட்டத வச்சுத்தான் ஊரே ஓடுது” என்று சீண்டுவான். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதே இல்லை, அது உண்மையும்தான்.

அந்த ஊரிடம் அவள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. சந்தையில் ஆண்களுக்குச் சுவர் இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நகராட்சிக் கோப்புகளின்படி அங்கே பெண்கள் கழிப்பறை மூன்று முறை கட்டி முடிக்கப்பட்டிருந்தது, ஒரு முறை மராமத்துகூட ஆகியிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் இடுப்பளவு சுவர் ஒன்றும் திறப்புவிழாக் கல் ஒன்றும் நின்றன. கல் மட்டும் முழுசாக இருந்தது. ஆகவே சந்தைப் பெண்கள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரி அனலுக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்கிறவள் பகல் முழுக்க இரண்டு மடக்குத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். வருடத்துக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுப்பாள். “நெறைய தண்ணி குடிங்கம்மா” என்பார் டாக்டர். அவருக்கென்ன, ஆஸ்பத்திரியில் கதவு போட்ட இடம் இருந்தது.

அந்த வருடம் ஊரில் வரி கட்டிய எல்லோருக்கும், கட்டிய வரி எங்கே போய்ச் சேர்ந்ததோ அந்த இடம் உடம்பில் தெரிய ஆரம்பித்திருந்தது. தையல்காரருக்குப் பொழுது சாய்ந்ததும் வலது காது சூடாகும். நூலகத் தெரு விளக்கு எரிகிறது என்று அர்த்தம். சைக்கிள் கடைக்காரர் மடியில் முன்பின் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பேருந்து வந்ததும் எழுந்து போனார்கள். ஒரு பெரிய மனிதரின் முதுகில் பள்ளிக்கூடம் விட்டதும் நூறு பிள்ளைகள் ஓடினார்கள். அவர் குனிந்து கொடுத்துவிட்டு, “இன்னிக்கு நல்ல ஓட்டம்” என்று மனைவியிடம் சொல்வார். ஆனால் வெளியே யாரும் மூச்சு விடவில்லை. இதையெல்லாம் சொன்னால் பைத்தியம் என்பார்களே என்ற கூச்சம்.

கூச்சம் ஒரு குளிர்காலக் காலையில் போனது. அன்று வெந்நீர் விழவில்லை. ஆறு பத்துக்குப் பச்சைத் தண்ணீர் விழுந்தது. சந்தையில் கடை பரப்பிக்கொண்டிருந்த இருபத்தாறு பெண்கள் ஒரே நொடியில் “ஐயோ” என்றார்கள். காய்கறிக்காரி தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். “அக்கா, உனக்குமா?” எல்லோருக்கும் பதினாறு செம்பு, எல்லோருக்கும் அதே சோப்பு. எங்கே குளிக்கிறான், யார் குளிக்கிறான் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத் துணி தேய்க்கும் பெண்ணுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஊரின் சட்டை முழுக்க அவள் கைக்கு வருகிறது. யார் எங்கே போய்வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் சூடு பட்டால் காலரிலிருந்து கிளம்பிவிடும். அன்று மதியம் காண்ட்ராக்டரின் வெள்ளைச் சட்டையில் பெட்டியை வைத்தாள். அதே வாசனை குப்பென்று வந்தது. காண்ட்ராக்டர் நகராட்சித் தலைவரின் மைத்துனர். பெண்கள் கழிப்பறையை மூன்று முறை கட்டியவர் அவர்தான். அவர் வீட்டு மாடியில் நீல ஓடு பதித்த புதுக் குளியலறை வந்திருப்பதை வேலைக்காரப் பெண் முன்பே சொல்லியிருந்தாள்.

இருபத்தாறு பேரும் மனு எழுதிக்கொண்டு போனார்கள். தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். “தோள்ல தண்ணி விழுந்தா டாக்டர்கிட்ட போங்கம்மா. நகராட்சிக்கு எதுக்கு வர்றீங்க?” துணி தேய்க்கும் பெண், “கழிப்பறைய டாக்டர் கட்டலீங்களே தலைவரே” என்றாள். மனு தலைநகரத்துக்குப் போனது. அங்கே எட்டு மாதம் மேசை மேசையாக ஏறி இறங்கியது. அந்த எட்டு மாதமும் தினம் பதினாறு செம்பு விழுந்துகொண்டிருந்தது; காண்ட்ராக்டர் சுத்தமான மனிதர், குளிக்காமல் ஒரு நாள் இருந்ததில்லை. கடைசியில் விசாரணைக்கு ஒரு மேலதிகாரி வந்தார். அந்த ஊருக்கு யார் விசாரிக்க வந்தாலும் காண்ட்ராக்டர் வீட்டு மாடியில்தான் தங்குவார்கள். அரசு விடுதியின் கூரை ஒழுகும். அந்தக் கூரையை மராமத்து செய்தவரும் காண்ட்ராக்டர்தான் என்றாலும், இதில் ஒரு பொருத்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அதிகாரி மாலையில் குளியலறையைச் சுற்றிப் பார்த்து, ஓடுகளைத் தட்டிப் பார்த்து, வழக்கமான குளியலறை என்று குறித்துக்கொண்டார். இரவு நன்றாகத் தூங்கினார். காலையில் குளித்துவிட்டு, மன்றக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

கூடம் நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, ஜன்னல் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். சந்தைக்கு அன்று அறிவிக்காத விடுமுறை. முகாந்திரம் ஏதும் இல்லை, ஆதாரம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று அதிகாரி வாசித்து முடித்தபோது, தோளில் ஈரத் துண்டோடு அவள் எழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கிறாள்.

“ஐயா, இன்னிக்குக் காலைல குளிச்சது காண்ட்ராக்டர் இல்லீங்க. அவரு பதினாறு செம்புல முடிச்சுடுவாரு. இன்னிக்கு முப்பத்தொண்ணு விழுந்துச்சு. பாதிக் குளியல்ல தாளம் போட்டாங்க, எடது காலால. அது என் தோள்மேல போட்ட தாளமுங்க. அந்தக் கால்ல ஆறு வெரலு.”

அதிகாரியின் இடது கால் தானாக நாற்காலிக்கு அடியில் போனது. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தினார். அவர் முப்பது வருடமாக, சொன்னதை மட்டும் எழுதிப் பழகியவர். “சார், ஆறுன்னு எழுதவா?”

அதிகாரி தலைவரைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், பிறகு அந்த ஈரத் துண்டை வெகுநேரம் பார்த்தார். “எழுதுங்க” என்றார். மாடியில் தங்கியதும் உண்மை, முப்பத்தொரு செம்பும் உண்மை என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதற்காக அவருக்குப் பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது. அந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் ஊர் இன்றைக்கும் அவரை மரியாதையாகத்தான் பேசுகிறது.

தலைவர் உடல்நிலை காரணமாகப் பதவி விலகினார். ஓடுகளைப் பெயர்த்து உரிய இடத்தில் பதிக்க உத்தரவு வந்தது. எந்த ஓடு யாருடையது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டுமே. எழுத்தர் காண்ட்ராக்டர் வீட்டு மாடியில் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு கரண்டி தண்ணீர் விட, கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் “இது என்னோடது”, “இது என் முட்டி” என்று கை தூக்கினார்கள். அப்போதுதான் டாக்டர் குண்டைப் போட்டார்: ஓட்டில் விழும் ஈரம் உடம்பில் விழுமென்றால், ஓடு உடைந்தால் எலும்பும் உடையும். காண்ட்ராக்டர் இதைப் பிடித்துக்கொண்டார். ஓடுகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ஆளுக்கு, அவரவர் கட்டிய வரியைப் போல இரு மடங்கு தந்துவிடுகிறேன், கழிப்பறைக்கு வேறு ஓடு போட்டுக்கொள்ளலாம் என்று வீடு வீடாக ஆள் அனுப்பினார். சிலர் யோசித்தார்கள். துணி தேய்க்கும் பெண்ணின் கணவனே யோசித்தான். “வாங்கிக்கோம்மா. தோளு நல்லா இருந்தாத்தான பெட்டியத் தூக்க முடியும்?”

“அத நான் சந்தைக்குன்னு கட்டினேங்க” என்றாள் அவள். “அவன் வீட்டுல அவன் காலுக்கடில கெடந்தா, நான் எதுக்கு வருசா வருசம் முதல் ஆளா நிக்கணும்? ஒடஞ்சா ஒடையட்டும்.” மறுநாள் மற்ற இருபத்தைந்து பேரும் பணம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

கொத்தனார் பத்தொன்பது நாள் வேலை செய்தார். ஈரச் சாக்கைப் போட்டு ஊறவிட்டு, மெல்லிய உளியால் பல்லைத் தொடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்தார். கீழே அந்தந்த ஓட்டுக்குரிய பெண் உட்கார்ந்து “பாத்துண்ணே, பாத்து” என்று குரல் கொடுப்பாள். இருபத்தைந்து பேரின் ஓடுகள் கீறலில்லாமல் வந்தன. துணி தேய்க்கும் பெண்ணுடையது கடைசி. அது தண்ணீர் வெளியேறும் மூலையில் இருந்தது. காண்ட்ராக்டர் தன் வாழ்நாளில் சிமென்ட்டை ஒழுங்காகப் போட்டது அந்த ஒரு மூலைக்குத்தான். அது விட்டுக்கொடுக்கவில்லை. மாடியிலும் கீழேயும் ஒரே சமயத்தில் ‘டக்’ என்று கேட்டது. கொத்தனார் இரண்டு துண்டையும் கையில் ஏந்திக்கொண்டு அழுதபடி இறங்கி வந்தார். அவள் முகம் வெளுத்து, தோளெலும்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டும் இருக்காண்ணே?”

“இருக்கும்மா. மன்னிச்சிரும்மா.”

“ஒரு சில்லுகூடக் கொறையக் கூடாது. கொண்டு போங்க.”

கட்டிடம் நாற்பத்தோரு நாளில் எழுந்தது. ஐந்து அறை, ஐந்து கதவு, ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள். உடைந்த ஓட்டை எந்த மூலையில் மறைக்கலாம் என்று கொத்தனார் கேட்டதற்கு, வாசற்படியில் போடச் சொன்னாள். திறப்புவிழாவுக்கு எந்தத் தலைவரையும் கூப்பிடவில்லை. பழைய கல்லைக் கவிழ்த்துப் போட்டதில் துணி அலச ஒரு நல்ல இடம் கிடைத்தது. ஒரு காலை பத்தரை மணிக்குக் காய்கறிக்காரி தராசைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஊரே பார்க்க நடந்து போய் உள்ளே நுழைந்தாள். நூறு அடி தள்ளி, ஒரு கை கட்டுத்துணியில் தொங்க மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். தோளில் ஒரு பாதம். சந்தை மண் ஒட்டிய, வெடித்த குதிகால். அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. எலும்பு இன்னும் சேராத தோள் அது, ஒவ்வொரு மிதிக்கும் சுரீர் என்றது. அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தே நின்றாள். பெருமையில் கண் கலங்கியது என்று அவள் கணவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். கரிப் புகை என்கிறாள் அவள்.

அது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. தலைவர்கள் மூன்று பேர் மாறினார்கள். தணிக்கைக்கு வருகிறவர்கள் இப்போது கழிப்பறைக்குப் போவதில்லை. நேராக அவள் துணி தேய்க்கும் வண்டிக்கு வந்து நோட்டை விரிக்கிறார்கள். போன மாதம் ஒரு புது ஆள் வந்தார். “காலைலேர்ந்து நூத்திப்பதினேழு பேரு” என்றாள் அவள், பெட்டியை நிறுத்தாமல். “ரெண்டாவது கொழாய் ஒழுகுது. உள்ள இப்ப ஒரு புள்ளத்தாச்சி இருக்கா, மெல்ல நடக்கறா, இதோ வெளிய வரப்போறா.” அவர் திரும்பிப் பார்த்தபோது, ஒரு கர்ப்பிணி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவர் சரி என்று எழுதிக்கொண்டார். குழாய் மறுநாளே சரியானது.

பக்கத்து நகராட்சியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. தங்கள் ஊரிலும் கோப்பில் கட்டிய ஒரு பாலம் கண்ணில் படவில்லை, அந்த அம்மாவை இரண்டு நாளைக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எழுத்தர் மன்றத்தின் சார்பில் பதில் எழுதினார்: ஆள் அனுப்பத் தேவையில்லை, உங்கள் ஊரில் வரி கட்டியவர்களைக் கூப்பிட்டு எங்கே உறுத்துகிறது என்று கேளுங்கள், அவர்களே சொல்வார்கள்.