வயலின் போட்ட இடம்

என் கடையில் தறி கிடையாது. அக்கம்பக்கத்திலும் கிடையாது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் கல்யாண வீடியோக் கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் தறிச் சத்தம் கேட்கிறது, பட்டப்பகலில்.

2003-இல் பிருந்தா என்ற வக்கீலம்மா கடைக்கு வந்தார். சிறையில் ஒரு கைதி சுவர் முழுக்கப் படம் வரைந்திருக்கிறாள், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும், உள்ளே போக ஒரே ஆளுக்குத்தான் அனுமதி என்றார். கடிதத்தை நீட்டினார். கைதியின் பெயர் அருள்பாண்டி, ஆண், வயது முப்பத்திரண்டு என்று இருந்தது. திருநங்கை என்று இன்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்றைய கடிதத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

"என்ன கேஸ் மேடம்?"

"அது உங்களுக்கு வேணாம் கிரிதரன். படத்தை மட்டும் எடுங்க."

வார்டர் என்னை நெசவுக்கூடத்துக்குப் பின்புறம் அழைத்துப் போனார். உள்ளே கைதிகள் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சௌராஷ்டிரக் குடும்பத்தில், தறி வீட்டில் பிறந்தவன் நான். தொட்டிலில் கிடந்தபோதே அந்தத் தடக் தடக்கைக் கேட்டு வெறுத்தவன். அதிலிருந்து தப்பிக்கத்தான் கேமராவைத் தூக்கினேன். இங்கேயும் வந்து தொலைந்ததே என்றிருந்தது.

அவள் வந்தாள். ஆண் கைதிகளின் வெள்ளை உடை, நெற்றியில் செங்கல் பொடியால் ஒரு பொட்டு.

"எம் பேரு பாண்டீஸ்வரிண்ணே. வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேன்."

சுவரைப் பார்த்தேன். கரி, செங்கல் பொடி, சமையல்கட்டு மஞ்சள், அவ்வளவுதான் அவளுடைய வர்ணங்கள். முளைப்பாரி தூக்கிப் போகும் பெண்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு முகமும் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. கடைசிப் பெண்ணுக்குக் கொண்டை இருந்தது, காதில் கனத்த தண்டட்டி இருந்தது, முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

"இது யாரு?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "எங்க ஆத்தா. சீனியம்மா. கல்லுப்பட்டி. பாத்து ஒம்பது வருசமாச்சு. முகம் வரமாட்டேங்குது. எப்படி வரைஞ்சாலும் வேற யாரோ ஆயிருது. ஆத்தா, ஒருக்கா வா. உம்மேல கோவமெல்லாம் இல்ல. கம்பிக்கு அந்தப் பக்கம் சும்மா நின்னாப் போதும். பாத்து வரைஞ்சுக்கிறேன்."

கேமராவை மூடும்போது கேட்டாள்: "ஆத்தாட்ட இதப் போட்டுக் காட்டுவீகள்ல? அதுக்குத்தேன் இம்புட்டும்."

"கண்டிப்பா" என்றேன்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தால் அவள் பேச்சு முழுக்கத் தறிச் சத்தம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மண்டபத்துச் சத்தத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளை அழுகை, பந்திச் சண்டை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவோம். பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பி அம்மா அழும் இடத்தில் வயலின். கை தானாக அங்கே போனது. தறியைத் துடைத்தேன், அவள் பேச்சையும் சேர்த்துத்தான் துடைத்தேன். முகமே எல்லாவற்றையும் சொல்கிறதே, வார்த்தை எதற்கு என்று நினைத்தேன். பெரிய கலைஞன் என்ற நினைப்பு. மூல டேப்பில் அடுத்த வாரமே சமயநல்லூர்க் கல்யாணம் ஒன்றைப் பதிந்துவிட்டேன்.

படத்தைப் பார்த்தார் பிருந்தா. "அந்த வயலின் வர்ற இடத்துல அழுதுட்டேன் கிரிதரன்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சிடியைக் கல்லுப்பட்டிக்கு எடுத்துப்போய்த் தாயிடம் போட்டுக் காட்டினார். சிறைக்கு வந்து பார்க்கும்படியும் கேட்டிருக்கிறார். அந்தம்மா வரவில்லை. ஐந்தாம் மாதம் பாண்டீஸ்வரி காமாலையில் செத்துப்போனாள்.

காரியம் முடிந்த மறுவாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தண்டட்டி போட்ட ஒரு அம்மா மாடியேறி வந்தார். கையில் அந்த சிடி.

"அருள்பாண்டிக்கு அம்மா" என்றார். "இதைக் கொஞ்சம் போடுங்க தம்பி."

போட்டேன். வயலின் வரும் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல வாய் அசையுது. என்ன சொல்றான்? என்னையத் திட்டுறானா?"

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"வீட்டவிட்டு வெரட்டுனது நாந்தேன். வக்கீலம்மா வரச் சொன்னாக. அவன் வரச் சொல்லலையே தம்பி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?"

ஏதோ வர்ணத்தைப் பற்றிச் சொன்னான் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் போலிருந்தது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதைத் துடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இன்னொருக்கா போடுங்க" என்றார்.

போட்டேன். வயலினைத் தாங்க முடியாமல் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். சத்தமில்லாத கடைக்குள் தடக் தடக் என்று தறி ஓட ஆரம்பித்தது. அன்றுதான் முதல் தடவை. அந்தம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்றார்.

"பாண்டீஸ்வரி" என்று கூப்பிட்டார். "தாயி, பாண்டீஸ்வரி. வந்துட்டேன்."

திரையில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்தம்மா குனிந்து முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"வரைஞ்சுக்க" என்றார்.