பேசிப் பேசி எடுத்த படங்கள்

அந்த மஞ்சள் குடை மட்டும் மடங்க மறுத்தது. தம்பி பொத்தானை அமுக்கிப் பார்த்தான், கம்பியைத் தட்டிப் பார்த்தான், கடைசியில் முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். குடை அசைந்து கொடுக்கவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. அக்காவை உள்ளே கொண்டுவர இடம் வேண்டும். ஸ்டுடியோ முழுக்கவோ குடைகள்.

"விடுப்பா. அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்," என்றார் அத்தான். அக்காவின் கணவர். நேற்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்ததிலிருந்து, விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது வரை, அவர் கண்ணை மூடவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு பீரோவை ஏற்றுவதற்கே அந்தப் படிக்கட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அதனால்தான் ஸ்டுடியோ என்று முடிவானது. அக்கா படம் எடுக்கிற இடத்திலேயே, சுவரிலிருந்து தரைவரை வளைந்து இறங்கும் வெள்ளைக் காகிதத்தின்மேல் அவளைக் கிடத்தினார்கள். சொந்தக்காரர் ஒருவர் செருப்புக் காலோடு காகிதத்தில் ஏறிவிட்டார். "பாத்து, பாத்து!" என்று தம்பி கத்தியே விட்டான். அப்புறம் கத்தியதற்கு வெட்கப்பட்டான். இனி அந்தக் காகிதத்தில் எந்தப் படமும் எடுக்கப் போவதில்லை.

அத்தான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த டியூப்லைட் வேணாம்பா. அவ முகம் அவ முகம் மாதிரியே இல்ல. அந்தப் பெரிய லைட்டைப் போடேன்."

போட்டான்.

"மேல தூக்கு. மூக்கு நிழல் விழுது பாரு. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். அங்கேயே நிறுத்து."

"உங்களுக்கு எப்படி அத்தான் இதெல்லாம்?"

"கல்யாணம் ஆனதிலேருந்து லைட் சரியா இருக்கான்னு பாக்க என்னைத்தானே உட்கார வெச்சா? லட்டு மாதிரி இருக்கற மூஞ்சிக்கு லைட் வெச்சுட்டா உலகத்துல எதுக்கு வேணா வெக்கலாம்னு சொல்லுவா."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பி உள்ளறைக்குப் போய்விட்டான்.

உள்ளறைதான் அவனுடைய இடம். ஒரு மேஜை, ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர். அக்கா எடுப்பாள், அவன் வெட்டி ஒட்டுவான். கடைகளுக்காகப் பொருள்களைப் படம் பிடிப்பது அவர்கள் தொழில். இஸ்திரிப்பெட்டி, செருப்பு, தலையணை, தண்ணீர் பாட்டில். இவற்றில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்கள் அக்கா வேலை செய்வதைப் பார்த்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றுவிட்டால் அவள் வாய் ஓயாது. "என்னடி பட்டு, இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா எப்படி?" என்று இஸ்திரிப்பெட்டியைக் கொஞ்சுவாள். "உனக்குத் திமிருடா," என்று ஒற்றைச் செருப்பைத் திட்டுவாள். தெருவில் யாரும் கடையின் பெயரைச் சொல்வதில்லை. 'பேசற அக்கா ஸ்டுடியோ' என்றால்தான் வழி காட்டுவார்கள்.

"பேசினாத்தான்டா எனக்குப் படம் தெரியுது," என்பாள். "பேசாம பாத்தா அது வெறும் டப்பா."

பிறகு காலம் மாறியது. கடைக்காரர்களுக்கு நின்ற படம் போதவில்லை, போனில் ஓடுகிற வீடியோ வேண்டுமென்றார்கள். தொழிலில் இருந்த பலர் தலையில் கை வைத்தார்கள். அக்கா குதித்தாள். "அசையுதுடா! இத்தனை நாளா இதுங்களை அசையாதே அசையாதேன்னு மிரட்டிட்டு இருந்திருக்கேன், பாவம்!" புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையைப் போல ராப்பகலாக அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஒரே தொல்லை, அவள் பேச்சும் சேர்ந்து பதிவானது. "வீடியோ நல்லா இருக்கு. ஆனா யாரோ தலையணையைக் கொஞ்சற சத்தம் கேக்குதே?" என்று போன் வரும். தம்பி சத்தத்தை மொத்தமாக அழித்துவிட்டு மேலே இசையைப் போட்டு அனுப்புவான். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குடைக் கம்பெனிக்காரர்தான் கடைசியில் வந்து மாட்டினார். அவருக்கு இசையே வேண்டாமாம். குடை படாரென்று விரிகிற சத்தம் மட்டும் வேண்டுமாம்.

"தயவு செஞ்சு இந்த ஒரு வேலைக்காவது வாயை மூடிக்கிட்டு எடுக்கா," என்றான் தம்பி. கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாளே கோபத்தை மறந்து ஓடிவந்தாள். "டேய், எல்லாரும் குடையை வெளியில நின்னு எடுக்கறாங்க. வாங்கறவன் உள்ள இருந்துதானே பாக்கப் போறான்? கேமராவைத் தரையில மல்லாக்கப் படுக்க வெச்சுடறேன். குடை அதுக்கு மேல விரியட்டும்." இதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பு அவனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் மகள் வந்து சேர்ந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறவள். அம்மா பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், கன்னத்தைத் தொட்டாள், பிறகு எழுந்து உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமா, அம்மா குரல் ஏதாவது இருக்கா?"

"உன் போன்ல இருக்குமேம்மா?"

"எனக்கு அவ அனுப்பினதெல்லாம் போட்டோதான். குரல்ல ஏதாவது சொல்லி அனுப்பும்மான்னா, 'அதான் போட்டோவுலயே சொல்லிட்டேனே'ன்னுவா." அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "வர்ற வழியெல்லாம் நினைச்சுப் பாத்துட்டே வந்தேன், என்னை எப்படிக் கூப்பிடுவான்னு. முகம் வருது மாமா. சத்தம் வரல. பயமா இருக்கு."

தம்பி கணினியைத் திறந்தான். வருஷக்கணக்கான வேலை வரிசையாக இருந்தது. தலையணையைத் திறந்தால் இசை. பாட்டிலைத் திறந்தால் இசை. செருப்புக்கும் இசை. ஒவ்வொன்றின் அடியிலும் அக்கா பேசியிருந்தாள், ஒவ்வொன்றையும் அவன்தான் அழித்திருந்தான். வெட்டாத மூலப் படங்கள் எதுவும் மிச்சமில்லை. வேலை முடிந்து அனுப்பியாகிவிட்டால், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதைப் போல அக்கா கேமராவின் மெமரி கார்டு எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். சுத்தமான கார்டோடு உட்கார்ந்தால்தான் அவளுக்குப் புதுசாக ஏதாவது தோன்றுமாம்.

"பரவால்ல மாமா," என்றாள் மகள்.

அந்தப் பரவாயில்லைதான் அவனை என்னவோ செய்தது. திட்டியிருக்கலாம்.

குடை வேலை இன்னும் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் தரையிலிருந்து கேமராவை எடுத்து அலமாரியில் வைத்தவனும் அவன்தான். பேட்டரி செத்துக் கிடந்தது. ஓடிப் போய் எடுத்துவந்து கார்டைக் கழற்றிக் கணினியில் செருகினான்.

முதல் துண்டில் ஒரு நீலக் குடை. படார் என்று விரிந்தது, துணியினூடே வெளிச்சம் நீலமாகக் கசிந்தது. பேச்சில்லை. அடுத்தது சிவப்பு. படார். பேச்சில்லை. அவன் சத்தத்தை முழுசாக ஏற்றினான். பச்சை, கறுப்பு, பூப்போட்டது, சின்னக் குழந்தைகளுக்கானது. துணி விரியும் சத்தமும் கம்பி அதிரும் சத்தமும் தவிர வேறு எதுவுமில்லை. ஒரு இடத்தில் அக்காவுக்கு இருமல் வந்திருக்கிறது. அதையும் விழுங்கியிருந்தாள்.

"அம்மாவா இப்படி?" என்றாள் மகள்.

"நான்தாம்மா பேசாதேன்னு சொன்னேன்." அவனுக்குத் தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. வாழ்நாளில் அக்கா அவன் பேச்சைக் கேட்டது இந்த ஒருமுறைதான்.

கடைசித் துண்டு மட்டும் நீளமாக இருந்தது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். வீடியோவுக்கு ஒருமுறை அழுத்தினால் ஆரம்பிக்கும், மறுமுறை அழுத்தினால்தான் நிற்கும். இத்தனை வருஷம் ஒரே அழுத்தில் வேலையை முடித்த விரலுக்கு அந்த இரண்டாவது அழுத்து படியவே இல்லை. பாதி நாள் மறந்துவிடுவாள், கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உபயோகமில்லாத அந்த மிச்சத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் நறுக்கி எறிவது அவன் வழக்கம். இப்போது அதைத்தான் திறந்தான்.

மஞ்சள் குடை விரிந்தது. கொஞ்ச நேரம் அமைதி.

"அப்பாடா!"

மகள் எழுந்தே விட்டாள். திரையில் குடையின் ஓரத்திலிருந்து அக்காவின் முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது. மூக்குக் கண்ணாடி தலையில் ஏறியிருந்தது.

"முடிஞ்சுதுடி தங்கம். இனிமே பேசலாம். பாத்தீங்களா எல்லாரும், ஒரு வார்த்தை பேசினேனா? நாளைக்கு அந்தச் சிடுமூஞ்சி வந்து கேட்டா நீங்கதான் சாட்சி."

"யாரு மாமா சிடுமூஞ்சி?"

"வேற யாரு?" என்றான் தம்பி. இருவரும் சிரித்தார்கள், சிரிக்கும்போதே அழுதார்கள்.

அக்கா குடையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. "உனக்கும் என்னை மாதிரி வாயை மூட முடியலையா? சரி, இரு. வயித்துக்குள்ள அடக்கி அடக்கி எனக்கே நெஞ்சு வலிக்குது." முகம் விலகியது. குரல் மட்டும் அறை முழுக்க நடந்தது. நாற்காலியைத் திட்டியது. பையைத் தேடியது. மகளுக்கு ராத்திரி போன் பண்ண வேண்டும், அவள் முடியை வெட்டிக்கொண்ட லட்சணத்தைக் கேட்க வேண்டும் என்று யாருக்கோ சொன்னது. மகள் கதவைத் திறந்து, "அப்பா, சீக்கிரம் வா," என்றாள்.

அத்தான் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"போய்ட்டு வரேன் கண்ணுங்களா," என்றது குரல். விளக்கு அணைந்து திரை கறுப்பாயிற்று. காலடிச் சத்தம் போனது. ஷட்டர் கரகரவென்று இறங்கியது. அதற்கு வெளியிலிருந்து, மெலிதாக, "அட சனியனே, சுத்தேன்... சுத்துடா ராஜா..." என்று பூட்டோடு பேசுவது கேட்டது.

உள்ளறை வாசலில் யாரோ தலையை நீட்டினார்கள். "நேரமாச்சு. வண்டி நிக்குது. எடுத்துடலாமா?"

அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க. அவ இன்னும் பூட்டிக்கிட்டிருக்கா."