டப்பாவில் முக்கால் பங்கு தண்ணீர்

பெற்ற மகள் நாள் தவறாமல் ‘அப்பா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவதற்கு என்ன விலை இருக்கும்? அதற்கெல்லாம் விலை ஏது என்பீர்கள். தானிய மண்டிக்காரருக்கு அந்த விலை தெரியும்: ஒரு டப்பா பூனைச் சாப்பாடு. காலையில் பாதி, சாயங்காலம் பாதி.

மனைவி இருந்தவரை வீட்டில் பேச்சு வியாபாரம் முழுவதும் அவள் கையில்தான் இருந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்வார். மகள் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்பாள். அவள் போய்ச் சேர்ந்ததும் கடைக்குக் கதவடைத்த மாதிரி ஆயிற்று. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன புதிதில் தொலைபேசிப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“சாப்டீங்களா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“போட்டாச்சு.”

“சரி, வச்சிடறேன்.”

லாரிக்காரனோடு வாடகை பேசுவதுகூட இதைவிட நீளம்.

அப்புறம்தான் பூனை வந்தது. மகள் தன்னோடு வைத்திருந்த ஆண் பூனை; சாம்பல் நிறம், நெஞ்சில் மட்டும் துண்டு போட்ட மாதிரி ஒரு வெள்ளை. அவள் குடியிருந்த வீட்டுக்காரர், “பூனை இருக்கணும், இல்ல நீ இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தாள். அதன் பெயர் முதலாளி. காலையில் எழுந்து சாப்பிட்டுவிட்டு, சோபாவில் சாய்ந்துகொண்டு, அடுத்தவர் வேலை செய்வதைக் குறை சொல்வது போல் முறைத்துக்கொண்டே இருக்கும். வேறு எந்தப் பெயரும் அதற்கு ஒட்டியிருக்காது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். பூனை தூங்கியது, பூனை தும்மியது, பூனை பேப்பர் மேல் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் படிக்க விடவில்லை என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அப்பா சொன்ன கதைக்கு மகள் சிரித்தாள். மனைவியைத் தவிர வேறு யாரும் தம் பேச்சுக்குச் சிரித்து அவர் பார்த்ததில்லை. மண்டியில் கணக்கர்கூட மாதக் கடைசியில் மட்டும்தான் சிரிப்பார்.

“மொதலாளி சாப்டாரா?” என்று கணக்கர் கேட்டால், “காலையில நல்லாச் சாப்டார், இப்ப தூங்குறார்” என்பார் இவர்.

“நான் உங்களைக் கேட்டேன் மொதலாளி.”

“நானா? எனக்கென்னய்யா, நான் அவர்கிட்ட வேலை பாக்குற ஆளு.”

மகள் விட்டுப்போகும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். “அப்பா, இதுக்கு ஈரச் சாப்பாடுதான். டப்பாவுல வர்றது. காய்ஞ்ச தீனி கூடவே கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு. டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாரு.” வாங்கி வந்த டப்பாக்களை அலமாரியில் அடுக்கியும் வைத்தாள். இவர் தலையாட்டினார். விற்கிறவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, தம் மனசில் ஒரு விலை போட்டுக்கொள்வது அவருக்குத் தொழில்.

அந்தத் தொழிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மண்டியில் அவருக்குப் பெயர் ‘மீட்டர்’. மேசை மேல் ஈரம் அளக்கும் கருவி இருக்கிறது. அதற்கு வேலை குறைவு. சோள மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்து, விரலிடுக்கில் நசுக்கி, “நூத்துக்குப் பதினாறு” என்பார். கருவியும் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சொல்லும். எடை ஏறட்டும் என்று வரும் வழியில் மூட்டை மேல் வாளித் தண்ணீரை விசிறிக்கொண்டு வருகிற புண்ணியவான்கள் உண்டு. அவர்களிடம் ஈரத்துக்கென்று ஒரு கழிவு பிடித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் காசு எண்ணுவார். “சோளத்துக்குக் குடுக்கறேன். தண்ணிக்கு எவன் குடுப்பான்? என் வீட்டுக் குழாய்ல வருது!” இதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அவர் அகராதியில் ஈரம் என்றால் ஏமாற்று.

அடுக்கி வைத்த டப்பா தீர்ந்தது. செல்லப்பிராணிக் கடைக்குப் போனார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்து. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்ததை நம்பாமல் இன்னொரு டப்பாவை எடுத்துப் படித்தார்.

“தம்பி, இதுல முக்கால் பங்குக்கு மேல தண்ணின்னு போட்டிருக்கே?”

“வெட் ஃபுட் அப்படித்தான் அண்ணே இருக்கும்.”

“அதைப் பப்ளிக்கா அச்சடிச்சு வேற போட்டிருக்கான்! எங்க மண்டியில தண்ணி ஊத்தறவன் ராத்திரியில ஒளிஞ்சு ஊத்துவான். இவனுக்கு அந்த வெக்கம்கூட இல்ல.”

கடைக்காரர் சிரித்துவிட்டு, எதிர்த் தட்டிலிருந்த பெரிய மூட்டையைக் காட்டினார். “அப்ப டிரை எடுத்துக்கங்க. இதுல தண்ணியே இல்ல. ரெண்டு மூணு மாசம் வரும்.”

மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொன்னார். விரலிடுக்கில் ஒரு உருண்டையை நசுக்கினார். மொறுமொறுவென்று உடைந்தது. நூற்றுக்கு எட்டுகூடத் தேறாது. இப்படி ஒரு சரக்கு மண்டிக்கு வந்தால் வாசலுக்கே போய் வரவேற்கலாம்.

“இதே கோழி, இதே மீன்தானே உள்ள?”

“அதேதான். ஆனா தண்ணி நிறையக் குடிக்க வைக்கணும் அண்ணே. சில பூனைக்கு இது ஒத்துக்காது. உங்களுது ஆண் பூனையா?”

“தண்ணி நான் வச்சுக்கறேன். குழாய்த் தண்ணி. அதுக்கும் நீ பில்லு போடாதே.”

காசில்லாமல் செய்த காரியம் இல்லை இது. மகள் கேட்டால் கிடங்கையே எழுதிக் கொடுப்பார். ஆனால் தண்ணீருக்குக் காசு கொடுக்க அந்தக் கை எழவில்லை, அவ்வளவுதான். கணக்கு அவருக்குச் சுத்தமாகத் தெரிந்தது: காய்ந்த தீனி ஒரு கிண்ணத்தில், தண்ணீர் ஒரு கிண்ணத்தில். இரண்டும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் டப்பாக்காரன் கலந்து கொடுத்தது தானே தயார்.

பூனைக்கு அந்தக் கணக்கு தெரியாது. உருண்டைகளை ரசித்துக் கடித்தது. தண்ணீர்க் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காலையில் வைத்த தண்ணீர் மறுநாள் காலையில் ஏறக்குறைய அதே மட்டத்தில் நின்றது. அவர் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார், “சிக்கனமான பிறவி” என்று மெச்சிக்கொண்டார்.

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாதாடுவாள், வாதாடினால் அந்த அரைமணி நேரச் சிரிப்புக் கெட்டுப்போகும். ஆகவே காலி டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, வீடியோ நேரத்தில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் லேபிள் தெரியும்படி வைத்தார். இந்த ஜோடனையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேலே நல்ல சோளமும் அடியில் சொத்தையும் கட்டிய மூட்டைகளை எத்தனை பிரித்திருப்பார்!

“ஈரம்தானேப்பா?”

“ஈரம்தாம்மா. டப்பா தெரியலையா?”

நான்கு மாதம் ஓடியது. மூட்டை காலியாகி இன்னொன்றும் வாங்கினார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது பூனை, தான் ஒன்றுக்குப் போகும் மண்தொட்டியில் உட்கார்ந்திருந்தது. எழுந்தது, இரண்டு அடி நடந்தது, திரும்பப் போய் உட்கார்ந்தது. மண் நனையவில்லை. ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தியது. மலச்சிக்கலாக இருக்கும் என்று வயிற்றைத் தடவிக் கொடுத்தார். பூனை அவர் கையைக் கடித்தது. அது கடித்ததே இல்லை.

சாயங்காலம் மகள் பார்த்துவிட்டாள்.

“ஏன்பா தொட்டியிலேயே உக்காந்திருக்கு?”

“மத்தியானத்துல இருந்து அப்படித்தான். வயிறு சரியில்ல போல.”

அவள் முகம் திரைக்குக் கிட்டே வந்தது. “அப்பா, ஈரம்தானே குடுக்கறீங்க? வேற எதுவும் குடுக்கலையே?”

கேட்ட நேரம் அப்படிப்பட்ட நேரம். உண்மைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கழுவிய டப்பா மட்டும்தான் இருந்தது.

“ஈரம்தாம்மா” என்றார்.

அவள் மூச்சு விட்டாள். “அப்பச் சரி. அப்ப அது அடைப்பா இருக்காது. வயிறாத்தான் இருக்கும். ராத்திரி எதுவும் குடுக்காதீங்க, காலையில பாத்துக்கலாம்.”

இவரும் மூச்சு விட்டார்.

காலையில் முதலாளி சோபாவில் இல்லை. குளியலறையின் குளிர்ந்த தரையில் பக்கவாட்டில் கிடந்தது. கூப்பிட்டதற்குக் காது மட்டும் அசைந்தது. வேட்டியை மாற்றக்கூட நிற்காமல், கிடைத்த அட்டைப்பெட்டியில் துண்டை விரித்து, பூனையைப் படுக்கவைத்து, கால்நடை மருத்துவமனைக்கு ஓடினார்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. எப்ப இருந்து?”

“நேத்து மத்தியானம்.”

“நேத்தே ஏன் வரல? என்ன சாப்பாடு குடுக்கறீங்க?”

“ஈர...” என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். “காய்ஞ்சதுங்க. நாலு மாசமா. முன்னாடியே ஒரு தடவை ஒண்ணுக்கு அடைச்சிருக்குங்க.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தேறியிருப்பார். “காய்ஞ்ச தீனி விஷமில்லைங்க. ஆயிரம் பூனை அதைத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஏற்கெனவே அடைச்சிருக்குன்னு சொல்றீங்களே, இதுக்குச் சாப்பாட்டோடதான் தண்ணி உள்ள போகணும். தனியா வச்சா பல பூனை குடிக்காது. இங்க பாருங்க.” பூனையின் பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கிவிட்டார். தோல் கூடாரம் போல் நின்றது. மெல்ல, மனசில்லாமல், கீழே இறங்கியது. “உடம்புல ஈரமே இல்ல.”

அவரும் கையை நீட்டித் தோலைப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. கருவி வேண்டியதில்லை. இத்தனை மாதமாகத் தினமும் மடியில் போட்டுத் தடவிய கைதான். ஊரான் மூட்டைக்குள் முழங்கை வரை போய்ச் சொட்டுத் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற கை, மடியில் கிடந்தது உலர்ந்துகொண்டே போனதை ஒரு நாளும் சொல்லவில்லை.

குழாய் போட்டார்கள். ஊசி போட்டார்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் நரம்பு வழியே இறங்கியது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொட்டைக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விலை என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “சிறுநீரகம் தாங்கலைங்க. ஒரு நாள் முந்தி வந்திருந்தா...” என்றார்.

பெஞ்சிலிருந்தே மகளைக் கூப்பிட்டார். அவள் அழுது ஓயும்வரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். ஓய்ந்ததும் அவள்தான் அவரைத் தேற்றினாள்.

“நீங்க அழாதீங்கப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஒழுங்கா ஈரம்தானே குடுத்தீங்க. நான்தான்... என்கூட இருந்தப்ப ஒரு மாசம் விலை கம்மின்னு வேற கம்பெனி டப்பா வாங்கிப் போட்டேன். அதுலதான் ஆரம்பிச்சிருக்கும். நேத்துகூட நான்தான் காலையில பாத்துக்கலாம்னு சொன்னேன். என்னாலதான்பா.”

கெட்ட சரக்கை இவ்வளவு நல்ல விலைக்குக் கேட்டு, வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக்கொள்கிற ஒரு வாடிக்கைக்காரரை அவர் தொழிலில் கண்டதில்லை. ஒரு ‘உம்’ போதும். தினமும் சாயங்காலம் அந்த முகம் வரும். இன்னும் கூடுதலாகவே வரும். துக்கம் பேச நிறைய இடம் கொடுக்கும். பூனை போனாலும் அப்பா மிஞ்சுவார்.

எதிரே காலி அட்டைப்பெட்டி. துண்டில் நாலைந்து சாம்பல் முடி.

“நீ இல்லம்மா” என்றார். “நான் காய்ஞ்சதுதான் குடுத்தேன்.”

“என்னது?”

“டப்பா சும்மா பக்கத்துல வச்சது. கழுவின டப்பா.”

“எத்தனை நாளா?”

“நீ வச்சிட்டுப் போனது தீர்ந்ததுல இருந்து.”



“நேத்து கேட்டனே. முகத்துக்கு நேராக் கேட்டனே.”

“கேட்டே.”

“காசில்லையாப்பா? சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனே.”

“காசுக்கு இல்லம்மா. அதுல முக்கால் பங்கு தண்ணின்னு...”

“தண்ணிக்காப்பா?”

“தண்ணிக்குத்தாம்மா.”

அவள் கத்தியிருக்கலாம். மெதுவாக, கதவைச் சாத்துகிற மாதிரி, “வச்சிடறேன்” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போனைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, வழக்கமாகச் சாய்த்து வைக்கும் இடத்தில் சாய்த்து வைத்தார். அதற்கடுத்த நாளும் வைத்தார். மண்டியில் கணக்கர், “மொதலாளி சாப்டாரா?” என்று கேட்டு, கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மூட்டைக்குள் கையை விட்ட இவர் எண்ணைச் சொல்லாமல் கையை உருவிக்கொண்டு, “கருவியைப் போட்டுப் பாருய்யா” என்றார்.

வாரக் கடைசியில் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘மாத்திரை போட்டாச்சா?’ ‘போட்டாச்சு’ என்று விரல் பாதி அடித்துவிட்டது. நிறுத்தினார். எழுந்து போய் டப்பியைத் திறந்து மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, கிண்ணங்கள் இன்னும் இருந்த இடத்தைத் தாண்டித் திரும்பி வந்து, அப்புறம் அனுப்பினார். பதில் வரவில்லை. அந்த ஒரு வரியை மறுபடி மறுபடி படித்தார். அதில் ‘அப்பா’ என்ற வார்த்தை இல்லை.

அன்று படுக்கப் போகுமுன், கை பழகிய வேலையை மனசு செய்தது. வரவு: டப்பா வாங்காமல் மிச்சம் பிடித்த தண்ணீர்க் காசு, மூலையில் பாதி மூட்டை, நன்றாகக் காய்ந்தது. பற்று: ஒரு முதலாளி, நெஞ்சில் வெள்ளை. பாக்கி: நாள் ஒன்றுக்கு ஒரு ‘அப்பா’ வீதம், அவள் எப்போது தள்ளுபடி செய்கிறாளோ அதுவரை.